பதிவேடும் பிரஜாவுரிமையும்

(திருப்பாச்சூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம். மேடையில் இடையிடையே சொன்ன கிளைக்கதைகள் நீக்கப்பட்டுள்ளன.)



அப்பரும் சம்பந்தரும் பாடிய வாசீசுவரர் கோயில் கொண்ட ஊரில் பேச அழைக்கப்படுகிறவன் தேவாரத்தைப் பற்றியோ கல்வெட்டுகளைப் பற்றியோ பேசுவதுதான் முறை என்று உங்களில் பலர் எண்ணக்கூடும். எனினும், பொருளைத் தேர்ந்துகொள்ளும் சுதந்திரத்தைப் பொறுப்பாளர்கள் எனக்கே விட்டுவிட்டபடியால், நாடெங்கும் வாதப் பிரதிவாதங்களுக்கு இடமாகியிருக்கும் சட்டவிரோதக் குடியேற்றம் என்னும் விஷயத்தை எடுத்துக்கொண்டேன். தில்லியிலும் அசாமிலும் நடக்கும் சர்ச்சைகளைத் தேடிப் போகவேண்டிய அவசியம் நமக்கு இல்லை. இந்த மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டியிலும், முன்பு இம்மாவட்டத்தோடு இருந்து இப்போது சென்னையோடு சேர்ந்துவிட்ட புழல் காவாங்கரையிலும், அரசாங்கத்தின் பதிவேட்டில் பெயர் எழுதப்பட்டு, அரசாங்கம் தரும் அரிசியை உண்டு, அரசாங்கப் பள்ளியில் பிள்ளைகளைப் படிக்கவைத்து, அப்படியிருந்தும் அதே அரசாங்கத்தின் சட்டத்தால் சட்டவிரோதக் குடியேறிகள் என்று வகைப்படுத்தப்பட்ட ஈழத் தமிழ்க் குடும்பங்கள் ஒரு தலைமுறைக்கு மேலாக வாழ்ந்து வருகின்றன.

நான் நிலைநாட்ட முற்படும் கருத்து ஒன்றே. ஓர் அரசாங்கம் ஒரு மனிதரைத் தெரிந்தே ஏற்று, அவர் பெயரைத் தன் பதிவேட்டில் எழுதிக்கொண்ட நாள் முதல், அவரைக் களவாக நுழைந்தவர் என்று சொல்லும் நியாயத்தை அது இழந்துவிடுகிறது. ஆகவே குடியேற்றச் சட்டத்தில் நாம் செய்யவேண்டிய முதற் சீர்திருத்தம், அந்தப் பதிவையே பிரஜாவுரிமைக்கு வாயிலாக்குவதாகும். இதனைச் சில பிரிவுகளாக வகுத்துச் சொல்கிறேன்.

1. கடலின் இரு கரைகளும் ஒரே வசையும்

பாம்பன் பாலம் 1914-இல் திறக்கப்பட்ட பிறகு, சென்னையில் ‘போட் மெயில்’ ஏறியவர் தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறித் தலைமன்னாரில் இறங்கிக் கொழும்பு வரையில் தடையின்றிச் செல்லக்கூடிய காலம் ஒன்று இருந்தது. தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் திரட்டிய நம்முடைய மாவட்டங்களின் ஏழை ஜனங்கள், மண்டபத்தில் இலங்கை அரசாங்கம் நடத்திவந்த முகாமில் நோய்ப் பரிசோதனைக்காகத் தங்கவைக்கப்பட்டு, அதன் பிறகே அக்கரைக்கு அனுப்பப்பட்டார்கள். இரு அரசாங்கங்களும் அறிய, இரு அரசாங்கங்களின் லாபத்திற்காகவே நடந்த பிரயாணம் அது.

அவ்வாறு சென்றவர்களின் மக்களையும் பேரர்களையும், இலங்கை சுதந்திரம் அடைந்த 1948-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிவிட்டது. காகிதமில்லாமல் கடல் கடந்தவன் என்னும் பொருளில் ‘கள்ளத்தோணி’ என்று அங்கே வழங்கிய வசைச்சொல், தோட்டத்து லயத்திலேயே பிறந்து கடலையே பார்த்தறியாதவன் மேலும் விழுந்தது. 1964 அக்டோபர் 30-இல் லால்பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தம், இம்மக்களில் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. நெல்லை அளந்து போடுவதுபோல் மனிதரை அளந்துபோட்ட இந்தக் காரியம் ராஜதந்திரம் என்று அந்நாளில் புகழப்பட்டது.

தாயகம் திரும்பியவர்கள் மண்டபம் முகாமில் வந்து இறங்கினார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு, இதற்கென்றே 1968-இல் நீலகிரியில் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தது. வராமல் தங்கிவிட்டவர்களில் பலர் 1977-ஆம் ஆண்டுக் கலவரத்திற்குப் பின் மலையகத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடிபெயர்ந்து, அங்கேயும் போர் துரத்தியபோது யாழ்ப்பாணத்தாரோடும் மன்னாரைச் சேர்ந்தவர்களோடும் ஒரே படகில் ஏறி இராமேசுவரக் கரைக்கு வந்தார்கள். அவர்களும் வந்து சேர்ந்த இடம் அதே மண்டபம் முகாம்தான். பாட்டனைக் கூலியாகப் பதிவு செய்து அனுப்பிய இடத்தில் பேரனை அகதியாகப் பதிவு செய்து ஏற்றோம். அக்கரையில் அவனுக்கு இருந்த பட்டத்தை இக்கரையின் சட்டம் வேறு சொற்களால் திரும்பவும் சூட்டியது.

2. மறைந்து வந்தவர்கள் யார்?

1983 ஜூலைக் கலவரத்தை அடுத்து முதல் அலையும், 1990-இல் மீண்டும் போர் மூண்டபோது இரண்டாவதும், யாழ்ப்பாணத்தவர் ஊரோடு பெயர்ந்த 1995-க்குப் பின் மூன்றாவதும், 2006-இல் நான்காவதுமாக மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் தமிழகம் வந்தனர். அவர்களில் பெரும்பாலோர் திரும்பிவிட்டார்கள், அல்லது வேறு நாடுகளுக்குப் போய்விட்டார்கள். இன்று ஏறத்தாழ 58,000 பேர் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களிலும், முப்பதாயிரத்துக்கும் அதிகமானோர் காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு வெளியிலும் இருக்கிறார்கள்.

கரையில் இறங்கியவர்களை முதலில் விசாரித்தது கியூ பிரிவுப் போலீஸ். குடும்ப அட்டை எழுதியது வருவாய்த் துறை. முகாமுக்கு லாரியில் அனுப்பியது மாவட்ட நிர்வாகம். மாதந்தோறும் ஆட்பதிவு நாளில் குடும்பத்தார் நேரில் நின்றாலன்றிப் பணக்கொடை கிடையாது. வெளியூர் சென்று தங்கவேண்டுமானால் அனுமதி பெறவேண்டும். உண்மையைச் சொல்லப்போனால், இந்த தேசத்தின் பிறவிப் பிரஜைகளாகிய நம்மில் எவரைப் பற்றியும் அரசாங்கம் இவ்வளவு விவரங்களை அறியாது. மாநில அரசு 2021-இல் குடும்பத் தலைவருக்கான பணக்கொடையை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தி, இடிந்த குடியிருப்புகளுக்குப் பதில் புதிய வீடுகள் கட்டவும் முனைந்து, அகதிகள் முகாம் என்னும் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. இவை நல்ல காரியங்களே. ஆனால் வீட்டையும் பெயரையும் மாற்றும் அதிகாரம் மாநிலத்துக்கு உண்டேயன்றி, பிரஜாவுரிமையைத் தரும் அதிகாரம் மத்திய அரசின் கையில் இருக்கிறது.

மத்தியச் சட்டமோ, செல்லுபடியாகும் கடவுச்சீட்டும் பிரயாணப் பத்திரமும் இன்றி நுழைந்தவரையும், அவற்றோடு நுழைந்து குறித்த காலத்துக்கு மேல் தங்கியவரையும் சட்டவிரோதக் குடியேறி என்று ஒரே வரையறைக்குள் அடக்குகிறது. எல்லை வேலியை இரவில் வெட்டி நுழைந்தவனும், குண்டுக்கு அஞ்சிக் குழந்தையோடு படகேறித் தன்னைத் தானே போலீசிடம் ஒப்படைத்தவளும் அந்த வரையறையில் சமமானவர்கள். 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதி என்றொரு வகை நம் சட்டப் புத்தகத்தில் இல்லவே இல்லை. அதனால் தஞ்சம் கொடுப்பதும் மறுப்பதும் அவ்வப்போதைய ஆட்சியாளரின் மனநிலைக்கு விடப்பட்டிருக்கின்றன. 1991 மே 21-இல், இங்கிருந்து அதிக தூரமில்லாத ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி படுகொலை செய்யப்பட்ட பின், அக்குற்றத்தோடு எவ்விதச் சம்பந்தமும் இல்லாத முகாம்வாசிகளின் மேல் கெடுபிடிகள் இறுகியதையும், அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே திருப்பி அனுப்பும் ஏற்பாடுகள் ஆரம்பமானதையும் மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பீர்கள். சட்டத்தில் ஒரு நிலை இல்லாதவருக்கு, பொதுஜன அபிப்பிராயம் மாறினால் ஒதுங்க வேறு நிழல் இல்லை.

3. பிறப்பும் தேதியும்

இந்த விவாதத்தில் நான் மிகவும் வற்புறுத்த விரும்பும் பகுதி இது.

1955-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், முதலில் எழுதப்பட்டபடி, இந்திய மண்ணில் பிறந்த எவரையும் பெரும்பாலும் இந்தியராகவே கொண்டது. பிற்காலத் திருத்தங்கள் அதனைப் படிப்படியாகக் குறுக்கின. 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்தவர் பிறப்பினாலேயே பிரஜை. அந்நாள் முதல் 2004 டிசம்பர் 3-க்கு முன் வரை பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் பிரஜையாக இருந்திருக்க வேண்டும். அதற்குப் பின் பிறந்தவருக்கோ, பெற்றோர் இருவரும் பிரஜைகளாக இருத்தல் வேண்டும். அல்லது ஒருவர் பிரஜையாகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருத்தல் வேண்டும்.

இந்தக் கடைசி வாசகத்தின் விளைவைச் சற்று நிதானமாகக் கவனியுங்கள். கும்மிடிப்பூண்டியைச் சேர்ந்த ஒரு பெண், அவ்வூர் முகாமில் வளர்ந்த ஓர் இளைஞனை மணந்து, 2006-இல் நம் ஊர் அரசு மருத்துவமனையில் ஒரு மகனைப் பெற்றாள் என்று வைத்துக்கொள்வோம். தாய் இந்தியப் பிரஜை. தாயின் முன்னோர் இம்மண்ணிலேயே உழுது வாழ்ந்தவர்கள். குழந்தை கடலைக் கடக்கவில்லை, எந்த எல்லையையும் மீறவில்லை. ஆயினும் தகப்பன் ஐந்து வயதில் தாயின் இடுப்பில் அமர்ந்து படகில் வந்தான் என்னும் ஒரே காரணத்தால், அந்தப் பிள்ளை சட்டத்தின் கண்ணில் இந்தியன் அல்லன். அந்தத் தகப்பனுக்கும், இந்தியப் பிரஜையை மணந்தவர் என்ற முறையில் பிரஜாவுரிமை கேட்கும் வழி அடைக்கப்பட்டிருக்கிறது. ஏனெனில் பதிவு மூலமாகவோ நீண்டநாள் வாசத்தின் மூலமாகவோ பிரஜையாகும் வழிகள் இரண்டும் சட்டவிரோதக் குடியேறிக்கு இல்லை என்று 2003-ஆம் ஆண்டுத் திருத்தம் விதித்துவிட்டது. அரசாங்க ஊழியத்துக்கு அவர்கள் மனுப்போட இயலாது. கடவுச்சீட்டும் வாக்கும் இல்லை. பொறியியல் படித்த முகாம் இளைஞர்கள் சுவருக்குச் சாயம் பூசும் கூலி வேலைக்குச் செல்வதற்குச் சோம்பல் காரணம் அன்று.

அந்த 2003-ஆம் ஆண்டைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. ஏறத்தாழ அரை நூற்றாண்டாகத் தோட்டத் தமிழரை நாடற்றவர்களாக வைத்திருந்த இலங்கைப் பாராளுமன்றம், 1964 அக்டோபர் முதல் அந்நாட்டில் நிரந்தரமாக வாழ்ந்துவரும் இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை அளிக்கும் சட்டத்தை அந்த ஆண்டின் பிற்பகுதியில்தான் நிறைவேற்றியது. அதே ஆண்டின் டிசம்பரில் இந்தியப் பாராளுமன்றம், அதே வம்சாவளியினரில் போரால் இங்கே வந்து சேர்ந்தவர்களுக்குக் கதவை மூடும் திருத்தத்தை நிறைவேற்றியது. இரண்டு நாடுகளும் சில வார இடைவெளியில் ஒன்றையொன்று கடந்து எதிர்த்திசையில் சென்றன. நம் தமிழ்நாட்டில் அதைப் பற்றிக் கூட்டம் போட்டவர் எவரையும் எனக்கு ஞாபகமில்லை.

நீதிமன்றங்கள் இயன்றவரை இந்த இறுக்கத்தைத் தளர்த்தியிருக்கின்றன. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்மணிக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட, அவர் உயர்நீதிமன்றத்தை அணுகி, தாம் பிறப்பால் இந்தியர் என்பதை 2022-இல் நிலைநாட்டிக்கொண்டு, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்கும் அளித்தார். மலையக வம்சாவளியைச் சேர்ந்த 65 பேர் தொடுத்த வழக்கில், 2019 ஜூனில் மதுரைக் கிளை, அவர்களுடைய விண்ணப்பங்களைப் பெற்றுப் பரிசீலிக்கும்படி உத்தரவிட்டது. ஆனால் சட்டத்தின் வாசகம் மாறாதவரையில், நீதிமன்றத்தின் கருணை வழக்குத் தொடுக்க வசதியுள்ளவரோடு நின்றுவிடும்.

4. 2025-ஆம் ஆண்டின் பாதிச் சீர்திருத்தம்

சீர்திருத்தம் நடக்கவே இல்லை என்று சொல்வதும் நியாயம் ஆகாது. 1920, 1939, 1946, 2000 ஆகிய ஆண்டுகளின் நான்கு பழஞ்சட்டங்களை நீக்கிவிட்டு, குடியேற்றம் மற்றும் அயல்நாட்டினர் சட்டம் என்னும் புதிய சட்டம் 2025 ஏப்ரலில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று, செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. அதனை ஒட்டி வெளியான விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரையில் இங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களை, ஆவணமின்றி நுழைந்ததற்கும் தங்கியதற்கும் உரிய தண்டனையிலிருந்து விடுவித்தது.

இந்த ஆணையை நான் மனமார வரவேற்கிறேன்; ஆனால் அதன் தர்க்கம் பாதி வழியில் நின்றுவிடுவதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பதிவு செய்துகொண்டார் என்பதால்தானே அவரைத் தண்டிக்கக்கூடாது என்கிறீர்கள்? அப்படியானால், அதே பதிவைக் காட்டி, நான் சட்டவிரோதமாக இருப்பவன் அல்லன், என் பிரஜாவுரிமை மனுவை வாங்கிக்கொள்ளுங்கள் என்று அவர் கேட்டால், அதற்கு என்ன விடை? 2019-ஆம் ஆண்டுத் திருத்தம், பாகிஸ்தான், வங்காள தேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த ஆறு மதத்தவரைச் சட்டவிரோதக் குடியேறிகள் அல்லர் என்று அறிவித்து, அவர்களுக்கு வாசகாலத்தையும் ஐந்து ஆண்டாகக் குறைத்தது. அத்தகைய அறிவிப்பு செய்வது சாத்தியமே என்பதற்கு அதுவே சாட்சி. மதத்தையும் நாட்டையும் அளவுகோலாகக் கொண்டது சரியா என்பது தனி வழக்கு. உச்சநீதிமன்றத்தின் முன் இருக்கிறது. இலங்கையை விட்டுவிட்டதற்கு எனக்குத் திருப்தியான சமாதானம் இன்றுவரை கிடைக்கவில்லை.

5. மறுப்புரைகள்

எதிர்த்தரப்பார் சொல்வனவற்றில் அலட்சியம் செய்யத் தகாதவை மூன்று.

எல்லையைக் காக்கும் உரிமை ஒவ்வொரு தேசத்துக்கும் உண்டு, மீறி வந்தவருக்குப் பரிசளித்தால் இன்னும் பலர் மீறுவர் என்பது ஒன்று. உச்சநீதிமன்றத்தின் ஓர் அமர்வு 2025 மே மாதத்தில் ஓர் இலங்கைத் தமிழரின் மனுவை விசாரித்தபோது, உலகத்து அகதிகளையெல்லாம் ஏற்க இந்தியா தரும சத்திரம் அன்று என்னும் கருத்துப்பட வாய்மொழியாகக் கூறியது. நான் சொல்லும் சீர்திருத்தம் இந்தக் கவலைக்கு விரோதமானதே அன்று. அது ஏற்கெனவே உள்ளே வந்து, பல்லாண்டுகளாகக் கணக்கில் இருப்பவர்களைப் பற்றியது; அவர்கள் இந்நாட்டில் வழிப்போக்கர்களாகத் தங்கவில்லை, பிள்ளை பெற்று வளர்த்து, பெற்றோரை இம்மண்ணிலேயே அடக்கம் செய்தவர்கள்.

போர் 2009-இல் முடிந்துவிட்டதே, திரும்பட்டுமே என்பது மற்றொன்று. இதனைச் சிங்களவர் மட்டும் சொல்லவில்லை. வடகிழக்கில் தமிழரின் எண்ணிக்கை குறைந்துவிடக் கூடாது என்னும் கவலையால் ஈழத் தமிழ்ப் பெரியோர் சிலரும் சொல்லுகிறார்கள். விரும்பித் திரும்புகிறவருக்கு வழி திறந்திருக்கவேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. எனினும் 2025 மே மாதத்தில், தமிழக முகாமிலிருந்து முறைப்படி தாயகம் திரும்பிய முதியவர் ஒருவர், முன்பு உரிய ஆவணமின்றி நாட்டை விட்டுப் போனார் என்று பலாலி விமான நிலையத்திலேயே கைது செய்யப்பட்டார் என்பதை மறக்கலாகாது. வந்தபோது இந்தியாவின் சட்டத்தை மீறியவர், போனபோது இலங்கையின் சட்டத்தை மீறியவர்! தவிரவும், கும்மிடிப்பூண்டியில் பிறந்த பிள்ளையைப் பார்த்துத் திரும்பு என்றால், அவன் எங்கே திரும்புவான்?

இவர்களுக்குக் கொடுத்தால் மற்ற அகதிகளும் கேட்பார்களே என்பது மூன்றாவது. கேட்கட்டும். அரசாங்கம் பதிவு செய்து ஏற்றதா, குற்றப் பின்னணி உண்டா, எத்தனை ஆண்டு வாசம் என்னும் பொதுவான வினாக்களை எல்லோரிடமும் கேட்டு விடை காண்பதற்குத்தானே சட்டம் என்று ஒன்று வேண்டியிருக்கிறது?

6. வடக்கிலிருந்து வரும் தொழிலாளர்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும், தேர்வாய்க் கண்டிகையிலும், காக்களூர்த் தொழிற்பேட்டையிலும் ஒடிசா, பீகார், அசாம், மேற்கு வங்காளம் முதலிய மாநிலங்களின் தொழிலாளர் வேலை செய்கிறார்கள். அவர்களைப் பற்றி நம்மவர் சிலர் பேசும் பாஷை, அயல்நாட்டு ஊடுருவலைப் பற்றிப் பேசும் பாஷையாகவே இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 19-ஆம் ஷரத்து அவர்களுக்கு இங்கே வரவும் வாழவும் தந்த உரிமை, நமக்கு மும்பையிலும் தில்லியிலும் தந்த உரிமையே. திருத்தணியை 1960 ஏப்ரல் 1-இல் ஆந்திரத்திலிருந்து பெற்ற மாவட்டத்தார் நாம். மாநில எல்லை நகர்ந்தபோது எவருடைய பிரஜாவுரிமையும் நகரவில்லை. அயல்நாட்டவர் அல்லர் என்பதை நிரூபிக்கும் பாரம் சந்தேகிக்கப்பட்டவர் மேலேயே இருப்பதால், வங்காளி பேசும் இந்தியத் தொழிலாளியும் அந்நியனாக எண்ணப்படும் ஆபத்து உண்டு. 2025 ஜூனில் மேற்கு வங்காளத்துக் கர்ப்பிணிப் பெண் ஒருவர் தில்லியிலிருந்து வங்காள தேசத்துக்குத் தள்ளப்பட்டு, நீதிமன்றம் தலையிட்ட பிறகு ஆண்டின் இறுதியில் திரும்ப அழைத்துவரப்பட்டார். இதை இன்னும் விரிக்கப் பொழுது இல்லை.

7. வேண்டுவது என்ன?

அமெரிக்க ஐக்கிய நாட்டில், இதே விஷயத்தில் கடுமையான சண்டைகள் நடக்கும் நாட்டில், 1929-இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். குறிப்பிட்ட ஒரு தேதிக்கு முன்பே நாட்டுக்குள் வந்து தொடர்ந்து நல்லொழுக்கத்தோடு வாழ்ந்தவர், நுழைந்த விதம் எதுவாயினும், நிரந்தர வாசியாகப் பதிவு பெறலாம் என்பது அதன் சாரம். 1921 என்றிருந்த அத்தேதியைப் பிற்காலப் பாராளுமன்றங்கள் பலமுறை முன்னே நகர்த்தின. 1986-இல் அதை 1972 ஜனவரி 1 என்று வைத்தார்கள். அதன் பின் நகர்த்தவே இல்லை. இன்று அங்கே காணும் முட்டுக்கட்டைக்கு அதுவும் ஒரு காரணம் என்று நான் எண்ணுகிறேன். பெற்றோர் செய்த மீறலுக்காகப் பிள்ளைக்குப் பள்ளியை மறுக்கலாகாது என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் 1982-இல் தீர்ப்பளித்ததையும் இத்துடன் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

நம் சட்டத்துக்கு நான் முன்வைக்கும் திருத்தங்கள் சிறியவையே. மத்திய அல்லது மாநில அரசால் அகதியாகப் பதிவு செய்யப்பட்டவர் சட்டவிரோதக் குடியேறி ஆகார் என்று வரையறையிலேயே ஒரு விலக்கு வாசகம் சேர்க்கப்பட வேண்டும். பதிவு செய்த நாளிலிருந்து பன்னிரண்டு ஆண்டு கழிந்தவர் பிரஜாவுரிமைக்கு மனுச் செய்யலாம் என்று இருக்கவேண்டும். இதற்கு மாறாக ஒரு தேதியைக் கல்லில் வெட்டிவிட்டால், 2022-இல் இலங்கையின் பொருளாதார நெருக்கடிக்கு அஞ்சித் தனுஷ்கோடி மணல்திட்டில் இறங்கியவர்கள் இன்னொரு தலைமுறைக்கு வெளியே நிற்பார்கள். 1964 ஒப்பந்தத்தின் பங்கில் சேர்ந்த மலையக வம்சாவளியினருக்கு அந்தப் பன்னிரண்டு ஆண்டும் வேண்டியதில்லை; அவர்களை ஏற்பதாக இந்தியா எழுதிக்கொடுத்த வாக்கு அப்படியே இருக்கிறது. பெற்றோரில் ஒருவர் இந்தியராயின், பிள்ளை இந்தியனே என்று 1987-க்கும் 2004-க்கும் இடையே இருந்த விதியை மீட்கவேண்டும்.

பாராளுமன்றம் இவற்றைச் செய்யும் வரையில் காத்திராமல் இங்கேயே தொடங்கக்கூடிய வேலையும் ஒன்று இருக்கிறது. 1983-க்கும் 1987 ஜூலைக்கும் இடையில் தமிழகத்தில் பிறந்து, தாம் பிறப்பாலேயே இந்தியர் என்பதை அறியாமல் இன்னும் முகாம் அட்டையோடு ஆட்பதிவுக்கு நிற்கும் நாற்பது வயதுக்காரர்கள் இருக்கக்கூடும். அவர்களுக்கு வேண்டியது புதிய சட்டம் அன்று, பிறப்புச் சான்றிதழ். பிரஜாவுரிமை மனு கலெக்டர் அலுவலகத்தின் வழியாகவே செல்லவேண்டும்; அந்த அலுவலகம் நம் திருவள்ளூரில் இருக்கிறது. சட்டம் பயிலும் மாணவர்கள் இக்கூட்டத்தில் சிலர் இருப்பதாகப் பொறுப்பாளர்கள் தெரிவித்தார்கள். கும்மிடிப்பூண்டி முகாமுக்குச் சென்று அத்தகையோரின் ஆவணங்களைத் தேடி ஒழுங்கு செய்ய முன்வருவோர், கூட்டம் கலைந்ததும் மேடையருகே வந்து பெயர் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்; மனு எழுதும் முறையை நான் சொல்லித் தருகிறேன்.